அரக்கோணத்துச் சிலந்திக்கு அயல்நாட்டில் வீடு

2021 ஜூலை மாதம். சென்னை வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்துக்குப் போலந்து நாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்திருந்தது. போய்ச் சேர வேண்டிய ஊர் அருப்புக்கோட்டை. சந்தேகப்பட்ட சுங்கத் துறையினர் பிரித்தார்கள். உள்ளே தெர்மோகோல் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். எண்ணிப் பார்த்தால் 107. ஒவ்வொரு குப்பியிலும் உயிரோடு ஒரு சிலந்தி.

வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் வந்து பார்த்தார்கள். பிராக்கிபெல்மா உள்ளிட்ட தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க, மெக்சிகோ வகை டரான்டுலாக்களாக, அதாவது முடியடர்ந்த பெரிய சிலந்திகளாக, இருக்கலாம் என்றார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, உடல்நலச் சான்றும் இல்லை. வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

அன்றைய செய்தித்தாள்களில் இது வேடிக்கைச் செய்தியாக வந்து போனது. ‘சிலந்தியைக் காசு கொடுத்து வாங்குவார்களா?’ என்று பலர் கேட்டார்கள். வாங்குவார்கள். 2019 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் மணிலா விமான நிலையத்தில் பிஸ்கட் பெட்டிகளிலும் ஓட்ஸ் பெட்டிகளிலும் ஒளித்து வைத்திருந்த 757 டரான்டுலாக்கள் பிடிபட்டன. அவையும் போலந்திலிருந்து வந்தவைதான். நாய், பூனை, அலங்கார மீன் வளர்ப்பதைப் போல, எட்டுக்கால் உயிர்களை வளர்ப்பதும் உலகம் முழுக்க வேரூன்றிய ஒரு பொழுதுபோக்கு. அதற்கென்று சங்கங்கள், கண்காட்சிகள், கையேடுகள், ஆய்விதழ்கள் எல்லாம் உண்டு.

மெக்சிகோ சிலந்தி அருப்புக்கோட்டைக்கு வரப் பார்த்தது ஒரு கதை. நம் ஊர்ச் சிலந்திகள் எப்போதோ வெளிநாடு போய்விட்டன என்பது அதைவிடப் பெரிய கதை.

லண்டன், பெர்லின், டெக்சாஸ் என்று எங்கே ஒரு டரான்டுலா ஆர்வலரின் அறைக்குள் நுழைந்தாலும் ‘போய்சிலோதீரியா ரீகாலிஸ்’ என்று சீட்டு ஒட்டிய பெட்டி ஒன்று கண்ணில் படக்கூடும். ராஜகளை பொருந்தியது என்று பொருள்படும் பெயர். உடல் முழுக்கக் கறுப்பும் சாம்பலும் வெள்ளையும் பின்னிய கோலம். காலை விரித்தால் சாப்பாட்டுத் தட்டின் பாதியை மறைக்கும். முன்னங்கால்களைத் தூக்கி மிரட்டும்போது அடிப்பக்கத்து மஞ்சள் பட்டைகள் பளிச்சிடும். இந்த இனத்தை முதன்முதலில் அறிவியல் உலகுக்குச் சொன்னவர் ஆர்.ஐ. போக்காக். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர், பிறகு லண்டன் மிருகக்காட்சி சாலையின் கண்காணிப்பாளர் ஆனவர். 1899இல் அவர் எழுதிய விவரணையில், அந்தச் சிலந்தி கிடைத்த இடம் அரக்கோணம். ஆம், நம் ரயில் சந்திப்பு அரக்கோணமேதான்.

அதே ஆண்டில் அவர் விவரித்த இன்னொரு இனம் ஃபார்மோசா. அழகி என்று பொருள். அதன் முகவரியில் சேலம் வருகிறது. மூன்றாவதாக ஒன்று. ஆந்திராவின் குத்தி என்ற ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்ட ஒற்றைச் சிலந்தி. உடல் முழுக்க நீலம். ‘மெட்டாலிக்கா’ என்று பெயர் வைத்தார் போக்காக். அதன் பிறகு 102 ஆண்டுகள் அந்தச் சிலந்தியைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை. வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்த உயிர் என்பதால் குத்தியில் தேடிப் பயனில்லை. 2001இல்தான், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் அது மீண்டும் கண்ணில் பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. தொடக்கத்தில் ஒரு சிலந்தியின் விலை 500 டாலரைத் தாண்டியதும் உண்டு.

போய்சிலோதீரியா என்ற இந்தப் பேரினத்தில் சுமார் 15 இனங்கள் இருக்கின்றன. உலகத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்பவை அவை. மண்ணில் வளை தோண்டாமல் மரப்பொந்தில் குடியிருப்பவை. இலங்கைத் தமிழர் இவற்றைப் புலிமுகச் சிலந்தி என்பார்கள். சிங்களத்தில் திவிமகுளுவா, சிறுத்தைச் சிலந்தி. ஆங்கிலம் பேசும் ஆர்வலர்கள் செல்லமாக ‘போக்கி’ என்கிறார்கள். தமிழ்நாட்டிலோ இதற்கென்று ஊரறிந்த பெயர் எதுவும் கிடையாது. பெரிய சிலந்தி, விஷச் சிலந்தி, அவ்வளவுதான். கண்டவுடன் கை தேடுவது விளக்குமாற்றை.

ஒரு புலிமுகச் சிலந்தியை வளர்ப்பவரின் வீட்டில் என்ன இருக்கும்? உயரவாக்கில் ஒரு அக்ரிலிக் பெட்டி, பக்கவாட்டில் காற்றுத் துளைகள். சாய்த்து வைத்த கார்க் மரப்பட்டைக் குழல் ஒன்று. சிலந்திக்கு அதுதான் பொந்து. அடியில் ஈரம் காக்கும் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் கட்டி கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்களே, அதே பொருள். மூலையில் ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம். வாரத்துக்கு ஒன்றிரண்டு வெட்டுக்கிளியோ கரப்பான்பூச்சியோ போதும். நன்றாக வளர்ந்த சிலந்தி மாதக்கணக்கில் தின்னாமலும் கிடக்கும். குரைக்காது, நடைக்கு அழைத்துப் போகச் சொல்லாது. மடியில் வந்து படுக்கவும் படுக்காது.

பகலெல்லாம் பெட்டி காலியாகத் தெரியும். விளக்கை அணைத்துக் காத்திருக்க வேண்டும். குழலின் விளிம்பில் முதலில் ஒரு கால் நுனி வரும். அப்புறம் இன்னொன்று. பத்து நிமிடம் அசைவே இருக்காது. இரை ஒன்று பட்டைமேல் ஊர்ந்தால் போதும், எப்போது பாய்ந்தது, எப்போது பிடித்தது என்று கண்ணுக்குத் தெரியாது. போன நொடி இங்கே இருந்தது, இந்த நொடி அங்கே இருக்கிறது. இந்த வேகத்துக்காகவே, முதன்முதலில் வளர்ப்பவர்கள் இந்த இனத்தில் தொடங்க வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களைக் கட்டிப்போடுவது தோலுரிக்கும் நேரம். தரையில் வாழும் டரான்டுலா மெல்லிய பட்டு விரிப்பு ஒன்றைப் பின்னி அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர் செத்துவிட்டதென்று பதறிப் போவார். தொடக்கூடாது. சில மணி நேரத்தில் முதுகோட்டின் விளிம்பில் விரிசல் விடும். பிறகு ஈரக் கையுறையிலிருந்து விரல்களை உருவுவதைப் போல, எட்டுக் கால்களையும் மெதுமெதுவாக உருவும். கால்கள் மட்டுமா? பல்லின் உறை, கண்களின் மேல்மூடி, உணவுக்குழாயின் உட்பூச்சு வரை எல்லாம் கழன்று வரும். வெளியே வந்த சிலந்தியின் பற்கள் பால் வெள்ளையாக இருக்கும். அவை கறுத்து இறுகச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை ஒரு வெட்டுக்கிளிகூட அதைக் கடித்துக் கொன்றுவிடலாம் என்பதால், வளர்ப்பவர் இரை போடாமல் காத்திருப்பார். புலிமுகச் சிலந்தி இன்னும் கூச்சம் மிக்கது. குழலுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். ஒருநாள் காலையில் வாசலில் கழற்றிப்போட்ட சட்டை மட்டும் கிடக்கும்.

அந்தச் சட்டையைத் தூக்கி எறிய மாட்டார்கள். தண்ணீரில் நனைத்து, இடுக்கியால் பதமாக விரித்து, வயிற்றுப் பகுதியின் உட்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். விந்துப்பை தெரிந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண். சாதாரணத் தகவல் போலத் தோன்றலாம். சிலந்தியின் வாழ்நாளே அதில்தான் அடங்கியிருக்கிறது. பெண் 12 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆண் சில ஆண்டுகளில் முதிர்ந்து, பெரும்பாலும் அடுத்த ஓராண்டுக்குள் முடிந்துவிடும். மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டரான்டுலாவில் பெண் 30 ஆண்டுகள்கூட வாழும். பள்ளி நாட்களில் வாங்கிய சிலந்தியைத் தன் பிள்ளையின் பள்ளி நாட்களிலும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆபத்து உண்டா? உண்டு, அதை மறைக்கக்கூடாது. அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள் பலவும் வயிற்றிலிருந்து அரிப்பு முடிகளைப் பின்னங்காலால் உதறித் தற்காத்துக்கொள்ளும். நம் பக்கத்துச் சிலந்திகளுக்கு அந்த ஆயுதம் இல்லை. ஓடும், ஓட வழியில்லாவிட்டால் கடிக்கும். புலிமுகச் சிலந்தி கடித்தால் வலியும் வீக்கமும் வரும், தசைகளில் கடுமையான பிடிப்பு வரும். அந்தப் பிடிப்பு சிலருக்கு நாட்கள் கழித்தும் திரும்பியிருக்கிறது. ஆனால், இந்தக் கடியால் மனிதர் எவரும் இறந்ததாகப் பதிவு இல்லை. பொறுப்பாக வளர்ப்பவர்கள் இதைக் கையில் எடுப்பதே இல்லை. கையில் ஏந்திப் படம் போடுபவர்கள் தங்களையும் சிலந்தியையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறார்கள். இடுப்புயரத்திலிருந்து விழுந்தால் டரான்டுலாவின் வயிறு வெடித்துவிடக்கூடும்.

வேடிக்கைக்காகத் தொடங்கிய இந்த வளர்ப்பு அறிவியலுக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. மெட்டாலிக்காவின் நீலத்தையே எடுத்துக்கொள்வோம். அது சாயத்தால் வருவதில்லை. முடிகளுக்குள் இருக்கும் நானோ அளவு அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் நீலம். மயில்கழுத்து நிறம் பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறும். டரான்டுலாவின் நீலம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெரிதாக மாறுவதில்லை. டரான்டுலா குடும்பத்தில் இந்த நீலம் தனித்தனியே குறைந்தது 8 முறை தோன்றியிருக்கிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மங்காத, கோணம் மாறினாலும் நிறம் மாறாத வண்ணப் பொருட்களைச் செய்ய இந்த முடியின் அமைப்பை இப்போது பொறியாளர்கள் படிக்கிறார்கள். டரான்டுலா நஞ்சிலிருந்து பிரித்த புரதங்களை வலி நிவாரண ஆய்விலும் பயன்படுத்துகிறார்கள்.

புதிய இனங்களைக் கண்டறிந்ததிலும் ஆர்வலர்களின் பங்கு பெரிது. ராமேஸ்வரத்தில் ஒரு கோயில் தோப்பு. அங்கே கண்டெடுத்த சிலந்திக்கு 2004இல் சிலந்தி ஆர்வலர் ஆண்ட்ரூ ஸ்மித் அந்தக் கோயிலின் பெயரையே வைத்தார்: ‘ஹனுமவிலாசுமிக்கா’. அந்தக் கட்டுரை வெளியானது பல்கலைக்கழக ஆய்விதழ் எதிலும் இல்லை. சிலந்தி வளர்ப்பவர்கள் கூடி நடத்தும் பிரிட்டிஷ் டரான்டுலா சங்கத்தின் இதழில். பின்னாளில் இதே இனம் கடலுக்கு அக்கரையில், இலங்கையின் மன்னாரிலும் இருப்பது தெரியவந்தது. நடுவில் கடல் இருந்தால் என்ன, ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்ததன் சாட்சியாக இரு கரையிலும் ஒரே சிலந்தி.

மாங்குளம் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. இலங்கையின் வன்னியில் போர் முடிந்த 2009ஆம் ஆண்டு, ஊர்க்காரர்கள் ஒரு பெரிய சிலந்தியை அடித்துக் கொன்று, ஆய்வாளர்களிடம் காட்டினார்கள். ஆண் சிலந்தி. எந்த விவரணைக்கும் பொருந்தவில்லை. ஆய்வாளர் ரணில் நானாயக்கார குழுவினர் வடக்கின் காடுகளில் உயிருள்ளதைத் தேடி அலைந்தார்கள். போர் ஓய்ந்த நிலத்தில் அவர்களுக்கு வழித்துணையாக நின்றவர் ராஜகுமார் புராஜா என்ற காவல்துறை ஆய்வாளர். மரப்பொந்துகளில் கிடைத்தது போக, மாங்குளம் மருத்துவமனையின் பழைய டாக்டர் குடியிருப்பிலும் அவை ஒண்டியிருந்தன. 2012இல் அறிவித்த அந்த இனத்துக்கு அந்தக் காவலரின் பெயரே நிலைத்தது: ‘ராஜாயி’. கால் விரிப்பு சுமார் 20 சென்டிமீட்டர். முதிர்ந்த மரங்கள் இல்லாமல் போனதால்தான் அது கட்டடத்துக்குள் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த அறிவிப்பு வந்ததும் அதே சங்கத்தின் இதழில்தான்.

இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கின் இருண்ட பக்கமும் தொடங்குகிறது. ஒரு புதிய இனத்தைப் பற்றி ஆய்விதழில் வரும் கட்டுரை, காட்டில் அது எங்கே கிடைக்கும் என்ற வரைபடமாகவும் ஆகிவிடுகிறது. 2019இல் மலேசியாவின் சரவாக் காட்டு நீலக்கால் டரான்டுலா ஒன்றுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது பெரும் சர்ச்சை கிளம்பியது. ஆய்வுக்குப் பயன்பட்ட சிலந்திகளே அனுமதியின்றிக் கொண்டுவந்தவை என்ற குற்றச்சாட்டு அதன் காரணம். இணைய விற்பனைப் பக்கங்களை அலசி 2022இல் வெளியான ஓர் ஆய்வு, சிலந்தி, தேள் வகைகளில் 1,264 இனங்கள் விற்பனையில் இருப்பதாகக் கணக்கிட்டது. உலகில் தெரிந்த டரான்டுலா இனங்களில் ஏறக்குறைய பாதி அதில் அடக்கம்.

பெரிதாக வளரும், மெதுவாக முதிரும், நெடுநாள் வாழும் உயிர் எதுவும், இப்படிப் பிடித்துச் செல்வதால் வரும் இழப்பை எளிதில் ஈடுகட்டாது. ஒரு மரத்தின் பொந்தில் தாயும் குஞ்சுகளும் ஒன்றாகக் குடியிருக்கும். கடத்த வருபவர் மரப்பட்டையைப் பெயர்த்தெடுத்துக் குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போய்விடலாம். பொந்தும் நாசம். அடுத்த தலைமுறை தங்க இடமும் இல்லை. நீல மெட்டாலிக்காவும் ராமேஸ்வரம் சிலந்தியும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அபாய நிலையில் இருப்பவை. இந்த மதிப்பீடுகளுக்கு உழைத்ததில் கோயம்புத்தூரின் ‘ஜூ அவுட்ரீச் ஆர்கனைசேஷன்’ ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் சொல்லும் முதல் காரணம் கடத்தல்கூட இல்லை. காடு சுருங்குவதும் பழைய மரங்கள் விறகாவதும்தான்.

சட்டம் தாமதமாகத்தான் விழித்தது. அமெரிக்கா 2018இல் இலங்கைப் புலிமுகச் சிலந்திகளில் 5 இனங்களை அழியும் நிலை உயிர்களாக அறிவித்தது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். 2019இல் ஜெனீவாவில் நடந்த அதன் மாநாட்டில் இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிய, போய்சிலோதீரியா முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. இனி உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் பட்டியல் உயிர்களை வைத்திருப்பதையும் வளர்ப்பதையும் அது பதிவுக்குள் கொண்டுவந்தது. ‘ஆன்லைனில் வாங்கினேன், எனக்குத் தெரியாது’ என்ற பேச்சு இனி எடுபடாது.

வளர்ப்பையே தடை செய்துவிட்டால் தீர்ந்ததா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவின் பெட்டிகளில் இன்று இருக்கும் ரீகாலிஸ்களில் ஏராளமானவை பெட்டிக்குள்ளேயே பிறந்து, பெட்டிக்குள்ளேயே முட்டையிட்ட பரம்பரை. ஒரே முட்டைப்பையிலிருந்து நூற்றுக்குப் பக்கமாகக் குஞ்சுகள் வரலாம். வளர்ப்பில் பிறந்த குஞ்சு மலிவாகக் கிடைத்தால் காட்டுக்குப் போய்த் திருடும் தேவை குறைகிறது. மெக்சிகோவில் குவாடலஹாரா பக்கம் அரசு அனுமதியோடு ஒரு பண்ணை இதை முயன்று காட்டியிருக்கிறது. தன் நாட்டுச் சிலந்தியைத் தானே பெருக்கி, சட்டப்படி விற்று, கடத்தல்காரனின் விலையை உடைப்பது அதன் வழி. ஆனால் ஒன்று. குறையொன்றுமில்லாத வளர்ப்பாளரின் பெட்டியில் இருப்பதும், எப்போதோ யாரோ நம் காட்டிலிருந்து எடுத்த ஒரு சிலந்தியின் வாரிசுதான். அதன் லாபத்தில் ஒரு பைசாவும் நந்தியால் காட்டுக்கு வந்ததில்லை. இந்தக் கணக்கைத் தீர்க்காமல், வளர்ப்பதே பாதுகாப்பு என்று பேசுவது நியாயமாகாது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பூச்சி வளர்ப்பு புதிதல்ல. பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து, வேலமர இலை போட்டு, முட்டை எத்தனை என்று வகுப்பில் எண்ணியவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. உயிரைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் பிறந்தது. புலிமுகச் சிலந்தி விஷயத்தில் மட்டும் தீப்பெட்டி வேண்டாம். அதற்கு அவசியமும் இல்லை. ஐரோப்பியர் கண்ணாடிப் பெட்டிக்குள் உண்டாக்கிக்கொள்ளும் பொந்து, நமக்கு மரத்திலேயே இருக்கிறது.

மழை ஓய்ந்த ஓர் இரவில், கிழக்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்திலோ ராமேஸ்வரம் தோப்புகளிலோ பழைய புளியமரத்தின் பொந்தில் டார்ச்சை மங்கலாக அடித்துப் பாருங்கள். கையை உள்ளே விட வேண்டாம், குச்சியால் குத்தவும் வேண்டாம். விளிம்பில் கால்கள் தெரிந்தால் அங்கேயே நின்று பாருங்கள். அது வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்காமல், அகலமான டப்பாவால் மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, அருகிலுள்ள பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள். படம் எடுங்கள், நண்பர்களுக்குக் காட்டுங்கள். ஆனால் அந்த மரம் எந்த ஊரில், எந்தத் தோப்பில் நிற்கிறது என்பதை மட்டும் இணையத்தில் எழுதிவிடாதீர்கள்.